யார் தெய்வமாகலாம்? அடையாறும் அயோத்திதாசரும்

குருவிகுளத்தில் நடக்கும் இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் மாணவத் தோழர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். பஞ்சமி நிலம் இருக்கிறது, ஆணவக் கொலைகள் இருக்கின்றன, உள்ஒதுக்கீடு பற்றிய விவாதம் இருக்கிறது. இவற்றை விட்டுவிட்டு மறைஞானம், மனிதருக்குள் இருக்கும் தெய்வத்தன்மை என்றெல்லாம் ஒரு தலித் இலக்கிய மன்றம் எதற்குப் பேச வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் யாருக்கு எந்தத் தெய்வம் என்ற கேள்வியும் யார் பள்ளிக்கூடத்தில் உட்காரலாம் என்ற கேள்வியும் தமிழகத்தில் ஒரே மேடையில் ஒரே மனிதரால் கேட்கப்பட்டவை. அந்த மேடையிலிருந்தே தொடங்குவோம்.

1892இல் சென்னை மகாஜன சபை கூட்டிய மாநாட்டுக்கு நீலகிரியிலிருந்து பிரதிநிதியாக வந்திருந்தார் பண்டிதர் அயோத்திதாசர். தம் மக்களை விஷ்ணு கோயிலுக்குள்ளும் சிவன் கோயிலுக்குள்ளும் அனுமதித்தால் ஒற்றுமை வளருமே என்று அவர் அங்கே கேட்டார். சபையிலிருந்து மறுப்புக் குரல்கள் எழுந்தன. தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த சிவராம சாஸ்திரி எழுந்து, உங்கள் குலத்தாருக்கென்று மதுரைவீரனையும் காட்டேரியையும் கருப்பண்ணனையும் கொடுத்திருக்கிறோமே, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவர்கள் அல்லர் என்ற பொருளில் பேசினார். இந்தச் செய்தியை அயோத்திதாசரே பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வியும் கிராமங்களில் கிடக்கும் தரிசு நிலத்தில் ஒரு பங்கும் கொடுக்க வகைசெய்யுங்கள் என்பது அவர் தந்த பதில்.

அந்த மேடையில் நடந்ததை இன்னும் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். அயோத்திதாசர் எழுபதுகளில் நீலகிரியில் அத்வைதானந்த சபை நடத்தியவர். எல்லா உயிரும் பிரம்மமே, காண்பானும் காணப்படுவதும் ஒன்றே என்று பேசும் தத்துவத்தை வெறுமனே படித்தவர் மட்டுமல்லர், பரப்பியவர். மனிதர் எல்லாரும் தெய்வம் என்று சொல்லும் தத்துவம் ஒருபக்கம், சாமிகளைக் குலம் பார்த்துப் பங்கு வைக்கும் சாஸ்திரி மறுபக்கம். இரண்டும் ஒரே ஆளின் வாயில் முரண்பாடின்றிக் குடியிருக்க முடியும் என்பதை அன்று அவர் நேரில் கண்டார். பின்னாளில் அவர் வேஷப் பிராமண வேதாந்தத்தைக் கேள்விக்கு மேல் கேள்வி கேட்டுக் குடைந்ததற்கு இந்த அனுபவம் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நாம் கருதுகிறோம். எங்கும் நிறைந்த பிரம்மம் சேரிக்குள் மட்டும் நிறையாதா என்பதே அந்தக் கேள்விகளின் சாரம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அயோத்திதாசருக்குப் பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். ஆசிரியர்மேல் கொண்ட மரியாதையால் அவர் பெயரைத் தம் பெயராக்கிக்கொண்டார். அதாவது, உனக்குரிய சாமி இவைதான் என்று சாஸ்திரி பட்டியல் போட்ட வகையைச் சேர்ந்த சாமியின் பெயரோடு பிறந்த ஒருவரிடம்தான் அந்தப் பட்டியல் வாசிக்கப்பட்டது.

அந்தச் சாமிகள் யார்? இங்கிருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சங்கரன்கோவில் கோமதி அம்மன் சன்னதி முன்னுள்ள சக்கரக் குழியில் பேய் பிடித்ததாகச் சொல்லப்படுபவர்களை உட்காரவைப்பதைச் சிறு வயது முதல் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். புற்றுமண்ணை வாயில் போட்டுக்கொண்டவர்கள். மாந்திரீகமும் சாமியாட்டமும் நமக்குப் புத்தகச் செய்திகள் அல்ல. ஆனால் கொடை நடக்கும் கோயில்களில் வில்லுக்காரர்கள் பாடும் கதைகளைக் கூர்ந்து கேட்டால் ஒரு விஷயம் துலங்கும். அங்கே தெய்வமாக நிற்பவர்களில் பெரும்பாலோர் ஒருகாலத்தில் கொல்லப்பட்ட மனிதர்கள். பிராமணப் பெண் ஆரியமாலையை விரும்பியதற்காகக் கழுவேறியவன் காத்தவராயன். மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன் மதுரைவீரன். நெல்லைச் சீமையின் தென்பகுதியில் பாடப்படும் சின்னத்தம்பி கதையில், திறமையால் பதவி பெற்ற அருந்ததிய இளைஞனைப் பொறுக்காதவர்கள், புதையல் எடுப்பதாகச் சொல்லி அழைத்துப்போய் அதைக் காக்கும் பூதத்துக்குப் பலிகொடுக்கிறார்கள். மறைவித்தை என்பது அந்தக் கதையில் ஒரு கொலைக் கருவி. பலியானவன் தெய்வமாகிறான். பலிகொடுத்தவர்கள் அவனுக்குப் படையல் வைக்க வேண்டியதாகிறது.

மனிதர் தெய்வமாவது என்ற கருத்தை நம் மக்கள் எந்த வேதாந்த நூலிலிருந்தும் கற்கவில்லை. அநியாயமாகச் செத்தவன் சும்மா போகமாட்டான் என்ற உறுதியிலிருந்து அது பிறந்தது. 1849இல் கால்டுவெல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி எழுதிய நூலில் இதைப் பேய் வழிபாடு என்று வகைப்படுத்தினார். திருவிதாங்கூர்ப் போரில் செத்த ஓர் ஆங்கிலேய அதிகாரியின் கல்லறைக்குச் சாராயமும் சுருட்டும் படைத்து வணங்கினார்கள் என்ற செய்தியும் அந்தக் காலத்து எழுத்துகளில் வருகிறது. மிஷனரிகளுக்கு அது வேடிக்கை. நமக்கு அப்படித் தோன்றவில்லை. எதிர்பாராத சாவு யாரையும் தெய்வமாக்கிவிடும், வெள்ளைக்காரனே ஆனாலும்.

ஆனால் இந்தக் கதைகளில் ஓர் இடம் நெருடுகிறது. மதுரைவீரன் அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவன்தான், ஆனால் காசிராசனுக்குப் பிறந்தவன் என்று கதை சொல்கிறது. முத்துப்பட்டன் கதையில் பொம்மக்காவும் திம்மக்காவும் வாலப்பகடையின் பெண்கள். கேட்டுக்கொண்டே போனால் அவர்கள் பிராமணக் குழந்தைகள், பகடை எடுத்து வளர்த்தார் என்று வருகிறது. இது பிற்காலத்தில் ஒட்டவைக்கப்பட்டது என்று பேராசிரியர் நா. வானமாமலை காட்டினார். ஆக, எங்கள் ஆள் தெய்வமாகலாம், ஆனால் தெய்வமான பிறகு அவன் பிறப்பு திருத்தப்படும். சேரியில் பிறந்தவனாகவே அவனை விட்டுவைக்க முடியாது. இந்தத் திருத்தத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையின் கடற்கரையில் ஆங்கிலம் பேசிக்கொண்டு இதே திருத்தம் வேறொரு வடிவத்தில் வருகிறது.

பிரம்மஞான சபை 1875 நவம்பரில் நியூயார்க்கில் தொடங்கப்பட்டது. ரஷ்யப் பெண்மணி பிளவாட்ஸ்கியும் அமெரிக்க கர்னல் ஆல்காட்டும் அதன் மூலவர்கள். 1879இல் பம்பாய் வந்து, 1882 டிசம்பரில் அடையாற்றின் கரையில் நிலைகொண்டார்கள். எல்லா மதங்களுக்கும் அடியில் ஒரு மறைஞானம் ஓடுகிறது, அதைக் காக்கும் மகாத்மாக்கள் இமயத்துக்கு அப்பால் வாழ்கிறார்கள், மனிதருக்குள் உறங்கும் தெய்வீக ஆற்றலை எழுப்ப முடியும் என்பன அவர்கள் சொன்னவை. பாதிரிமார் மதத்தையும் வெள்ளையர் அகந்தையையும் ஒரு வெள்ளைக்காரியே எதிர்க்கிறாள் என்பது இங்கிருந்த படித்த மேல்சாதியாருக்குப் பெரும் கவர்ச்சி. வக்கீல்களும் தாசில்தார்களும் திவான்களும் சபையில் சேர்ந்தார்கள்.

நம் பக்கத்துச் செய்தி ஒன்று. 1881 அக்டோபரில், அதாவது அடையாற்றில் குடியேறும் முன்பே, ஆல்காட் இலங்கையிலிருந்து சிங்கள பௌத்தர்களை அழைத்துக்கொண்டு திருநெல்வேலிக்கு வந்தார். நெல்லையப்பர் கோயில் வளாகத்தில், பௌத்தருக்கும் இந்துக்களுக்கும் நட்பின் அடையாளமாக ஒரு தென்னங்கன்று நட்டார். பெருங்கூட்டம் கூடியது. கடல் கடந்து வந்த, மாட்டிறைச்சி உண்ணும் நாட்டில் பிறந்த, ஓராண்டுக்கு முன் காலியில் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தராகியிருந்த அமெரிக்கருக்கு அந்த வளாகத்தில் இடம் இருந்தது. அதே ஊரின் சேரிக்காரருக்கு இல்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நம்மவர்கள் நுழைந்தது 1939 ஜூலை 8 அன்று. சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1947இல். சர்வமத சகோதரத்துவம் எவ்வளவு தொலைவில் இருப்பவரையும் கட்டித் தழுவும். பக்கத்தில் இருப்பவரிடம்தான் அதற்குத் தயக்கம்.

பிளவாட்ஸ்கி அம்மையாரின் அற்புதங்கள் பற்றிய பெரிய சர்ச்சையைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுவோம். அடையாறு மாளிகையின் மாடியில் ஓர் அலமாரி இருந்தது. மகாத்மாக்களின் கடிதங்கள் அதில் தோன்றும். அது பின்பக்கத்துப் பலகையின் வேலை என்று அங்கே வேலை பார்த்த தம்பதியர் சொன்னார்கள். 1884 செப்டம்பரில் கிறித்தவக் கல்லூரிப் பத்திரிகை அம்மையாருடையவை என்று சில கடிதங்களை வெளியிட்டது. லண்டனிலிருந்து வந்த ஹாட்ஜ்சன் விசாரித்து, மோசடி என்று 1885இல் அறிக்கை தந்தார். அதைப் பிற்காலத்தில் மறுத்தவர்களும் உண்டு. நமக்கு அந்தப் பலகை முக்கியமில்லை. நம் ஊர்க் கோடாங்கியும் சில சித்துகள் செய்வார், அதற்காக அவரை நாம் உலக மகா மோசக்காரர் என்று சொல்வதில்லை. அலமாரியைவிட, அந்த மறைஞானம் வரைந்து காட்டிய உலகப் படம்தான் நம் கவனத்துக்குரியது.

1888இல் பிளவாட்ஸ்கி எழுதிய ரகசியக் கோட்பாட்டு நூலில் மனிதகுலம் மூல இனங்களின் வரிசையாக ஏறுகிறது. மூன்றாவது லெமூரியர், நான்காவது அட்லாண்டியர், ஐந்தாவது ஆரியர். ஆஸ்திரேலியப் பழங்குடிகள் போன்றோர் பழைய படிகளில் தேங்கிப்போன எச்சங்கள். (குமரிக்கண்டம் பேசும் நண்பர்கள் பலர், லெமூரியா என்ற சொல் தமிழில் பரவியதில் இந்தச் சபைக்கும் பங்குண்டு என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.) ஒவ்வோர் உயிரும் பல பிறவி எடுத்துப் படிப்படியாக மேலேறித் தெய்வநிலை அடையும். அப்படி அடைந்தவர்களே மகாத்மாக்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எல்லார்க்குள்ளும் தெய்வம் உண்டு, ஆனால் சிலருக்குள் விழித்திருக்கிறது, சிலருக்குள் இன்னும் உறங்குகிறது. எவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று எப்படித் தெரியும்? பிறப்பைப் பார்த்தால் தெரியும். கர்மம் அவரை அங்கேதானே பிறக்க வைத்திருக்கிறது. அன்னி பெசன்ட் 1898இல் காசியில் ஆற்றிய தர்மம் பற்றிய சொற்பொழிவுகளில் நான்கு வருணங்களை ஆன்மாவின் வளர்ச்சிப் படிகளாகவே விளக்கினார். பழைய மனுவுக்குப் புதிய பரிணாமக் கோட்டு மாட்டிவிட்டார்கள்.

வள்ளலாரும் இந்த ஏணியில் ஏற்றப்பட்டார். 1874 ஜனவரியில் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று மறைந்த இராமலிங்க அடிகள், பிரம்மஞான சபையின் வருகையை முன்னறிவித்தார் என்று அவர் மாணாக்கர் தொழுவூர் வேலாயுத முதலியார் 1882இல் வாக்குமூலம் தந்தார். சபை அதை அச்சிட்டுப் பெருமைப்பட்டது. சாதி சமயம் பாராமல் 1867இல் வடலூரில் அடுப்பு மூட்டியவர் அங்கே முன்னோடித் தூதராக மட்டும் நிற்கிறார். அடுப்பைப் பற்றிப் பேச்சில்லை.

இங்கே ஆல்காட்டுக்கு நியாயம் செய்ய வேண்டும். இவர் அந்தச் சபையின் தலைவர்தான், ஆனால் வேறு வார்ப்பு. இலங்கையில் பௌத்தப் பள்ளிகளை உருவாக்கிய அனுபவத்தோடு 1894இல் அடையாற்றுக்கு அருகே பஞ்சமப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். மயிலாப்பூர், கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, கிருஷ்ணாம்பேட்டை என்று அது விரிந்தது. பெசன்ட் நகரில் இன்றும் அவர் பெயரில் பள்ளி இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு முற்பிறவி ரகசியங்களைச் சொல்லிக்கொடுப்பதில் அவர் காலம் கழிக்கவில்லை. எழுத்தும் கணக்கும் தையலும் சமையலும்தான் பாடம். மறைஞானச் சபையின் தலைவர் செய்தவற்றுள் மறைஞானம் கலவாத இந்தச் செயல்தான் நம் மக்களுக்கு மிஞ்சியது.

1898இல் அயோத்திதாசரும் பி. கிருஷ்ணசாமியாரும் ஆல்காட்டைச் சந்தித்தார்கள். நாங்கள் பூர்வத்தில் பௌத்தர்கள், எங்கள் மார்க்கத்துக்குத் திரும்ப உதவுங்கள் என்று கேட்டார்கள். அவ்வாண்டு ஜூலையில் அவரோடு கொழும்பு சென்று, வித்யோதய பிரிவேனாவில் ஹிக்கடுவே சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்றார்கள். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கம் அமைத்தார் அயோத்திதாசர். கோலார் தங்கவயல், பெங்களூர், திருப்பத்தூர், ரங்கூன், தென்னாப்பிரிக்கா என்று நம் மக்கள் கூலிக்குப் போன இடமெல்லாம் கிளைகள் எழுந்தன. அவர் பிரம்மஞான சபையில் சேர்ந்து ஒரு படியில் நிற்க விண்ணப்பிக்கவில்லை. ஆல்காட்டின் கப்பல் துணையை ஏற்றுக்கொண்டார், மகாத்மாக்களை ஏற்கவில்லை. இந்த வித்தியாசம் வரலாற்று நூல்களில் போதிய அழுத்தம் பெறவில்லை என்பது நம் குறை. பலர் அவரை ஆல்காட்டின் தயாரிப்பாகவே எழுதிவிடுகிறார்கள்.

ஆல்காட் 1907 பிப்ரவரியில் இறந்தார். பெசன்ட் தலைவரானார். அதே ஆண்டு ஜூன் 19 அன்று ஒரு பைசாத் தமிழன் வெளிவரத் தொடங்கியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1909 பிப்ரவரியில் பெசன்ட் அம்மையார் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றம் பற்றி இந்தியன் ரெவ்யூவில் எழுதிய கட்டுரையை இங்குள்ள ஒவ்வொரு மாணவரும் வாசிக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் குடியும் முரட்டு உணவும் அந்தப் பிள்ளைகளின் உடலைக் கெடுத்திருக்கின்றன, தூய பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் நெருங்கி உட்காரும் தகுதியை அவர்கள் அடைய இன்னும் சில தலைமுறைகள் தூய உணவும் வாழ்வும் வேண்டும், ஆகவே தனிப் பள்ளியே பொருத்தம் என்பது அவர் வாதம். அண்ணல் அம்பேத்கர் 1945இல் காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன என்று கேட்டு எழுதிய நூலில் இதை நீளமாக எடுத்துப் போட்டிருக்கிறார், யாரும் மறுக்க முடியாதபடி. மனிதர் அனைவருக்குள்ளும் தெய்வம் என்று மேடைதோறும் முழங்கியவர் அவர். அந்தத் தெய்வத்துக்கு வகுப்பறை பெஞ்சில் இடம் இல்லை. வாசனை இடிக்கிறது.

அதே 1909இல், அதே அடையாற்றுக் கடற்கரையில், லெட்பீட்டர் ஒரு சிறுவனைச் சுற்றி மாசற்ற ஒளிவட்டம் கண்டார். மதனப்பள்ளியில் பிறந்த தெலுங்குப் பிராமணச் சிறுவன் கிருஷ்ணமூர்த்தி. அவன் தந்தை சபையில் வேலைக்கு வந்தவர். வரப்போகும் ஜகத்குருவின் வாகனம் இவனே என்று அறிவித்தார்கள். கி.மு. 22,662 தொடங்கி அவன் எடுத்த முப்பது பிறவிகளின் வரலாறு சபையின் பத்திரிகையில் தொடராக வந்தது. யார் எந்தப் பிறவியில் யாருக்கு உறவு என்பதில் சபையினரிடையே போட்டியே இருந்ததாம். அதற்கு முன் அதே எதிர்பார்ப்போடு பார்க்கப்பட்டவன் ஓர் அமெரிக்க டாக்டரின் மகன். கூப்பிடு தூரத்தில் ஆல்காட்டின் பஞ்சமப் பள்ளி நடந்துகொண்டிருந்தது. அங்கே கரும்பலகை முன் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் தலைக்கு மேல் எந்த ஒளிவட்டமும் தெரியவில்லை. ஒளிவட்டம் காணும் கண்ணுக்கும் சாதி தெரிந்திருந்தது. காசிராசன் மகனாக்கப்பட்ட மதுரைவீரனையும் முப்பது பிறவிப் பட்டியல் தரப்பட்ட சிறுவனையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தெய்வத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்பதில் கிராமத்துக் கதையும் அடையாற்றுப் பத்திரிகையும் ஒன்றாக நிற்கின்றன.

கிருஷ்ணமூர்த்தி 1929 ஆகஸ்ட் 3 அன்று ஹாலந்தின் ஓமன் நகரில், சுமார் மூவாயிரம் பேர் முன்னிலையில், தமக்காக அமைக்கப்பட்ட அமைப்பைக் கலைத்து அரியணையிலிருந்து இறங்கினார். நேர்மையான செயல். ஏணியின் உச்சியில் நிற்பவர் இறங்கிவிட்டார் என்பது மட்டும் அடிப்படியில் நிறுத்தப்பட்டவரின் நிலையை மாற்றிவிடவில்லை.

அயோத்திதாசர் என்ன செய்தார் என்பதற்குத் திரும்புவோம். அவர் 1914 மே 5 அன்று மறையும்வரை தமிழன் இதழிலும், 1912இல் வெளிவந்த புத்தரது ஆதிவேதத்திலும் செய்த வேலை, தெய்வங்களை மனிதராகத் திரும்ப வாசிப்பது. இந்திரன் என்பவன் வானத்துத் தேவராசன் அல்லன், ஐந்து இந்திரியங்களையும் வென்ற புத்தரே ஐந்திரர், இந்திரர். அம்பிகை என்பவள் அறம் உரைத்த பிக்குணி. தேவர் என்பது ஒழுக்கத்தால் உயர்ந்த மக்களுக்குப் பெயர். பிராமணன் என்பதும் அப்படியே, பிறப்பால் வருவது வேஷம். தீபாவளியை நரகாசுரன் கதையிலிருந்து பிரித்தெடுத்து, எள்ளிலிருந்து நெய் எடுக்கக் கண்டுபிடித்ததைக் கொண்டாடிய நாள் என்றார். கரிசல் காட்டில் எள் விதைப்பவர்களுக்கு இது எவ்வளவு நெருக்கமான விளக்கம்! இவற்றில் பலவும் வரலாற்று ஆய்வின் தராசில் நிற்காது. சொல்லைப் பிரித்துப் பொருள் காணும் அவர் முறையை மொழியியலார் ஏற்கமாட்டார்கள். ஆனால் அவர் காட்டிய திசை அடையாற்றுக்கு நேர் எதிரானது. அடையாறு மனிதரை ரகசியமாக்கி உயரத்தில் ஏற்றியது. அவர் ரகசியத்தை அவிழ்த்து, எண்ணெய் ஆட்டியவனையும் மருந்து அரைத்தவனையும் வெளியே கொண்டுவந்தார். சித்த மருத்துவராக அவர் வாழ்ந்ததும் இதன் பகுதிதான். மூலிகையின் குணம் குருவின் காதோதலில் இருப்பதாக அவர் எண்ணியிருந்தால் பத்திரிகை நடத்தியிருக்கமாட்டார்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் ஒண்டிவீரனின் மண்ணில் நின்றுகொண்டு இன்னொன்றைச் சொல்லாமல் போக முடியாது. அயோத்திதாசர் தம் எழுத்துகளில், பூர்வ பௌத்தர்களாக இருந்து பகையால் தாழ்த்தப்பட்டோர் என்று ஒரு பிரிவையும், இயல்பாகவே தாழ்ந்தோர் என்று இன்னொரு பிரிவையும் காட்டினார். குறவரையும் வில்லியரையும் சக்கிலியரையும் தோட்டிகளையும் இரண்டாவது பிரிவில் வைத்தார். ஒரு மேடையில் தம்மை நோக்கி வாசிக்கப்பட்ட பட்டியலை எதிர்த்தவர், தாமும் ஒரு பட்டியல் எழுதினார். அக்காலச் சூழல் என்றும், சர்க்கார் கணக்கெடுப்பில் பஞ்சமர் என்று எல்லாரையும் ஒரே மூட்டையாகக் கட்டியதற்கு எதிர்வினை என்றும் சிலர் சமாதானம் சொல்வார்கள். விளக்கமாக அதைக் கேட்டுக்கொள்ளலாம், சமாதானமாக ஏற்க முடியாது. இந்த வட்டாரத்தில் பறையர், பள்ளர், அருந்ததியர் தெருக்களுக்கிடையே இன்றும் இருக்கிற தூரத்தைக் காலால் அளந்து பார்த்தவர்கள் நாம். பௌத்த ஏணி என்றாலும் ஏணியில் கடைசிப் படி உண்டு, அங்கே யாரையாவது நிறுத்தித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

கழுகுமலைக்குப் போனால் இதன் பழைய வடிவத்தைப் பார்க்கலாம். கி.பி. எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் பாறையில் வரிசை வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர்கள். கீழே வட்டெழுத்தில், செய்வித்தவர் பெயர்கள். அவர்களில் குரத்தியார் எனப்பட்ட பெண் ஆசிரியர்கள் உண்டு என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. படைத்தவன் என்று ஒருவனை ஒப்புக்கொள்ளாமல், தவத்தால் மனிதரே உச்சநிலை எய்தலாம் என்று சொன்ன மார்க்கம் அது. ஆனாலும் அந்த இருபத்து நால்வரும் அரச குலத்தவர் என்றே சமண நூல்கள் கூறும். மகாவீரரின் கரு பிராமணப் பெண்ணின் வயிற்றிலிருந்து க்ஷத்திரியப் பெண்ணின் வயிற்றுக்கு மாற்றப்பட்டதாக சுவேதாம்பரர் கதை ஒன்றும் உண்டு. அங்கும் பிறப்புத் திருத்தம்தான்.

திருத்தம் இல்லாமல் எழுந்தவர்கள் இல்லையா? உண்டு. தென்திருவிதாங்கூரில் முத்துக்குட்டி என்ற மனிதர் 1833இல் திருச்செந்தூர்க் கடலில் இறங்கி எழுந்து, தம்மை வைகுண்டராக அறிவித்தார். தலைப்பாகை கட்டவும் இடுப்புக்கு மேல் துணி அணியவும் தடைசெய்யப்பட்டிருந்த மக்களிடம், தலைப்பாகை கட்டிக்கொண்டு சாமி கும்பிட வாருங்கள் என்றார். அரசு அவரைச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தது. அவர் வழிவந்த பதிகளின் கருவறையில் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. கும்பிடுபவர் தம் முகத்தையே அதில் காண்கிறார். சாமித்தோப்பில் எல்லாச் சாதியாரும் நீர் இறைக்க முத்திரிக் கிணறு வெட்டினார்கள். கண்ணாடியையும் கிணற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது நம் கருத்து. கிணறு இல்லாத கண்ணாடி வெறும் தத்துவம். 1927இல் நாராயண குருவும் களவங்கோட்டில் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார்.

இன்னும் கீழிருந்து வந்தவர் பொய்கையில் அப்பச்சன். 1879இல் இரவிபேரூரில் சிரியன் கிறித்தவக் குடும்பத்துக்கு அடிமைவேலை செய்த பறையர் வீட்டில் பிறந்தவர். கிறித்தவத்துக்குள் போயும் சாதி விடவில்லை என்று கண்டு, 1909இல் பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையை உருவாக்கினார். ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினராகி நிலமும் பள்ளியும் கேட்டார். அவருடைய மக்கள் அவரைத் தெய்வமாகவே வணங்குகிறார்கள். அவருக்குக் காசிராசன் தந்தை தேவைப்படவில்லை. அடிமைச் சந்தையில் விற்கப்பட்ட தாய் தகப்பனின் நினைவுதான் அங்கே வேதம். அடிமையின் பிள்ளை என்பதை மறைக்காமல், அதையே தெய்வத்தன்மைக்குக் காரணமாகக் கொண்ட ஒரு மார்க்கம் என்ற வகையில் அது நம் சின்னத்தம்பிக்கு உறவு.

அம்பேத்கர் இந்தப் பாதையில் போகவில்லை. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் ஏற்கவைத்த 22 உறுதிமொழிகளில், புத்தரை விஷ்ணுவின் அவதாரமாக ஏற்கமாட்டேன் என்பதும் ஒன்று. புத்தர் தம்மை மோட்சம் தருபவராகச் சொல்லிக்கொள்ளவில்லை, வழி காட்டுபவராகவே சொன்னார் என்று அவர் எழுதினார். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, அரசியலில் பக்தி என்பது சர்வாதிகாரத்துக்கு வழி என்று எச்சரித்தவரும் அவரே. அவர் சிலைக்கு நாம் பாலூற்றிச் சூடம் காட்டும் காட்சியை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வது தவிர்க்க முடியாதது. அதைக் கேலி செய்ய நமக்கு மனம் வரவில்லை. சிலையைச் சுற்றிக் கம்பிக் கூண்டு போட வேண்டியிருக்கிற நாட்டில், கூண்டுக்குள் இருப்பவரைத் தெய்வமாக்குவது கொலையில் உதித்த சாமிகளை வணங்கிய அதே கைகளின் பழக்கம். ஆனாலும் அவர் கேட்டது வேறு.

இன்று அடையாற்றின் சொற்கள் அடையாற்றில் மட்டும் இல்லை. ஆற்றல், அதிர்வு, ஆரா, முற்பிறவி, உள்ளிருக்கும் தெய்வம் என்று செல்பேசி வழியாக நம் தெருப் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. கல்லூரி மாணவர்கள் காசு கட்டி முகாம்களுக்குப் போகிறார்கள். உன் துன்பத்துக்கு உன் கர்மமே காரணம் என்று அங்கே கேட்டுவிட்டு, சாதிச் சான்றிதழுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் நடையாய் நடக்கும் நம் பிள்ளை, தன்மேல்தான் ஏதோ குறை என்று நினைத்துத் திரும்புவதைப் பார்த்திருக்கிறோம். அந்தப் பிள்ளையிடம் மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் பேசி முடிப்பது பயன் தரவில்லை. அவன் தேடிப் போவது மரியாதையை. அவனிடம் 1909இன் அந்தக் கட்டுரையைப் படிக்கக் கொடுத்தோம். படித்துவிட்டு, அந்த வகுப்பறையில் எனக்கு இடம் கிடைத்திருக்குமா என்று அவனே கேட்டான்.

நம் மன்றம் இந்த ஆண்டில் ஒரு வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறது. குருவிகுளம் ஒன்றியத்திலும் சங்கரன்கோவில் வட்டாரத்திலும் கொடை நடக்கும் கோயில்களில், அந்தந்தத் தெருவின் பெரியவர்கள் சொல்லும் சாமி வரலாற்றை மாணவர்கள் பதிவு செய்ய வேண்டும். வில்லுக்காரர் பாடும் அச்சான கதையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டாம். அவர் பாடி முடித்துப் போன பிறகு, அதெல்லாம் இல்லையப்பா, அவன் நம்ம தெருப் பிள்ளை, இந்த ஓடைக்கரையிலதான் வெட்டுனாங்க என்று ஒரு பாட்டி தனியே சொல்வார். ராசா மகன் வராத அந்தக் கதைதான் நமக்கு வேண்டும். யார் வெட்டினார்கள், எந்த ஓடை, அந்த நிலம் இப்போது யார் பெயரில் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதிக்கொண்டு வாருங்கள். மூன்று தெருக்களுக்கும் மூன்று தெரு மாணவர்களும் சேர்ந்தே போக வேண்டும். பறையர் தெருக் கதையை அருந்ததியர் பிள்ளை எழுதட்டும், அருந்ததியர் தெருக் கதையைத் தேவேந்திரர் பிள்ளை எழுதட்டும். முதல் தொகுதியை வைகாசிக் கொடைகள் முடிந்ததும் அச்சுக்குக் கொடுக்கலாம் என்றிருக்கிறோம்.